'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' படித்து ஜிஆர்இ வொக்காபுலரி: நீண்ட நாள் பயன்பாட்டுக்குப் பின்

மேற்படிப்புச் சேர்க்கைக்கான ஜிஆர்இ தேர்வுக்குத் தயாராகும் நண்பரின் கேள்வி இது: "வேர்ட் லிஸ்ட் மண்டையில ஏறவே மாட்டேங்குது. பேசாம ஜேன் ஆஸ்டின் நாவலைப் படிச்சே சொல்வளத்தைத் தேத்திடலாமா?" தேற்றலாம். ஆனால் தேர்வில் அடிக்கடி வரும் சில சொற்களிலேயே அந்த நாவல் காலை வாரிவிடும். இந்தப் பதிவில் பாதி அதைப் பற்றிய புலம்பல்தான்.

எந்தப் பதிப்பு என்பது பெரிய விஷயமில்லை. 1813-இல் வந்த நூல், காப்புரிமை இல்லை, குட்டன்பெர்க் தளத்தில் 1342 என்ற எண்ணில் இலவசமாகக் கிடைக்கிறது. இப்போது அங்கே இருப்பது 1894-இல் வந்த படப் பதிப்பு. தொடக்கத்தில் விமர்சகர் சென்ட்ஸ்பரி எழுதிய நீண்ட முன்னுரை உண்டு. அதை நாவல் என்று நினைத்துச் சொல் பொறுக்க ஆரம்பிக்காமல் நேராக முதல் அத்தியாயத்துக்குப் போங்கள்.

தொடங்குமுன் ஒரு சோதனை. முதல் அத்தியாயத்தை வைத்துத் தரத்தை எடை போடக் கூடாது. அது பெரும்பாலும் உரையாடல், சுலபம். 15-ஆம் அத்தியாயத்தின் தொடக்கத்தில் சுமார் 300 சொல் படித்துப் பாருங்கள். சொல்லறிவு ஆய்வாளர் பால் நேஷன் 2006-இல் போட்ட கணக்குப்படி, துணையில்லாமல் ஓர் ஆங்கில நாவலைப் படிக்க 98 சதவீதச் சொற்கள் தெரிந்திருக்க வேண்டும். அதற்கு எட்டாயிரம் முதல் ஒன்பதாயிரம் சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதிலிருந்து கிளைக்கும் வடிவங்களும் சேர்ந்து ஒன்று) தேவை. அதாவது 300 சொல்லில் தெரியாதது ஆறு வரை இருக்கலாம். பதினைந்தைத் தாண்டினால் இது படிப்பாக இருக்காது, அகராதி புரட்டும் வேலையாகத்தான் இருக்கும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். இந்த நாவலில் ஆளை எடைபோடும் சொற்கள் குவிந்து கிடக்கின்றன, ஒவ்வொன்றும் ஒரு மனிதர்மேல் ஒட்டிக்கொண்டே வருகிறது. அப்ஸீக்வியஸ் (காலில் விழுந்து குழைவது) என்றால் காலின்ஸ், நாயகி எலிசபெத் வீட்டுக்கு உறவுக்காரப் பாதிரியார். தற்பெருமையும் காலில் விழும் குணமும் ஒரே ஆளிடம் எப்படிச் சேரும் என்பதை 15-ஆம் அத்தியாயம் ஒரே வாக்கியத்தில் காட்டிவிடுகிறது. சூப்பர்சிலியஸ் (பிறரை இளக்காரமாகப் பார்ப்பது) என்றால் பணக்கார இளைஞர் பிங்லியின் சகோதரிகள். 3-ஆம் அத்தியாய நடனத்தில் நாயகன் டார்சிக்குக் கிடைக்கும் பட்டம் ஃபாஸ்டிடியஸ் (எளிதில் திருப்திப்படாதவர்). 11-இல் அவர் கோபத்துக்கு வரும் அடைமொழி இம்பிளேக்கபிள் (தணிக்கவே முடியாதது). டிஃபிடென்ஸ் என்ற கூச்சம் காலின்ஸிடம் இம்மியும் இல்லை என்பதால்தான் 19-ஆம் அத்தியாயத்தில் அவர் பெண் கேட்கும் காட்சி அவ்வளவு சிரிப்பு. இவையெல்லாம் இன்றைக்கும் அதே பொருளில் புழங்கும் சொற்கள். பட்டியலில் பத்து முறை மறந்த சொல், ஆளின் முகத்தோடு வந்தால் போகவே போகாது. இதில் எந்த வேர்ட் லிஸ்டும் இந்த நாவலுக்குப் பக்கத்தில் வர முடியாது.

இனி எரிச்சல். கான்டிசென்ஷன், கம்ப்ளேசன்சி, கேண்டர் மூன்றும் ஜிஆர்இ பட்டியல்களின் நிரந்தர வாசிகள். மூன்றையும் ஆஸ்டின் வேறு பொருளில் எழுதுகிறார். இ-ரீடரில் சொல்லை அழுத்தினால் வரும் குட்டிப் பெட்டியில் நாலைந்து வரிதான் தெரியும்; இன்றைய பொருள் மேலே நிற்கும், பழைய பொருள் கீழே ஒளிந்திருக்கும் அல்லது இருக்கவே இருக்காது.

இதைவிட மோசம், தப்பான பொருளும் கதைக்குப் பொருந்திவிடுவது. 14-ஆம் அத்தியாயத்தில் காலின்ஸ், தன்னை ஆதரிக்கும் சீமாட்டி லேடி கேத்தரினின் கான்டிசென்ஷனை வாயாரப் புகழ்கிறார். 'ஏளனத்தோடு நடத்துவது' என்று பெட்டி சொல்லும். 'அட, திமிரைக்கூடப் புகழ்கிறானே இந்த முட்டாள்' என்று சிரித்துவிட்டு அடுத்த பக்கம் போய்விடுவோம். அன்றைய பொருளோ, மேலிருப்பவர் அந்தஸ்தை விட்டு இறங்கிவந்து பழகும் பெருந்தன்மை. காலின்ஸ் மனமார மெச்சுகிறார். இறங்கிவந்த அம்மையார் செய்தது என்ன? மாடி அலமாரிக்குள் தட்டு அடிக்கச் சொன்னது. நகைச்சுவை அங்கே இருக்கிறது. அந்த யோசனையைச் சொல்ல அவர் 'வவுச்சேஃப்' செய்தாராம், திருவாய் மலர்ந்தருளினாராம்.

6-ஆம் அத்தியாயத்திலும் இதே கதை. தன்னோடு ஆட மறுத்த எலிசபெத்தை டார்சி கம்ப்ளேசன்சியோடு நினைத்துக்கொள்கிறார். இன்றைய பொருளில் 'தன்னிறைவான அசட்டை'. டார்சிக்கு அதுவும் கச்சிதமாகப் பொருந்தும், யாருக்கும் சந்தேகமே வராது. உண்மையில் அவர் மகிழ்ச்சியோடு நினைக்கிறார். காதல் அரும்பும் இடத்தை அலட்சியமாகப் படித்துவிட்டுப் போகிறோம்.

கேண்டரில் மட்டும் நாவலே காப்பாற்றுகிறது. 4-ஆம் அத்தியாயத்தில் எலிசபெத் தன் அக்கா ஜேனைப் பற்றிப் பேசும்போது, எல்லோரிடமும் நல்லதையே கண்டு கெட்டதைச் சொல்லாமல் விடும் குணம் என்று விளக்கியே விடுகிறாள். ஆனால் இந்தக் கனிவுப் பொருளைத் தேர்வுக்கு எடுத்துப்போனால் தொலைந்தீர்கள். அங்கே கேண்டர் என்றால் ஒளிவுமறைவில்லாமல் போட்டு உடைக்கும் வெளிப்படை. கிட்டத்தட்ட எதிர்ப்பக்கம். 2011 முதல் ஜிஆர்இ-யில் எதிர்ச்சொல் கேள்வியும் ஒப்புமைக் கேள்வியும் கிடையாது. சொல்லை வாக்கியத்துக்குள் பொருத்தச் சொல்கிறார்கள். அரைகுறைப் பொருள் வைத்திருப்பவர் மாட்டுவது அங்கேதான்.

சின்னப் பொறிகளும் உண்டு. சென்சிபிளுக்குப் பின் 'ஆஃப்' வந்தால் 'உணர்ந்த' என்று பொருள், வராவிட்டால் பெரும்பாலும் 'விவேகமான'. படை அதிகாரி விக்கமிடம் இருக்கும் அட்ரஸ் வீட்டு முகவரி அல்ல, பேச்சுப் பாங்கு. எலிசபெத்தின் அப்பா பென்னட்டின் பார்ட்ஸ் அறிவுத்திறன். வான்ட் என்பது பல இடங்களில் 'இல்லாமை'. 53-இல் விக்கம் எல்லோரிடமும் லவ் 'மேக்' செய்கிறான் என்று மாமனார் சொல்வதைப் படித்துப் பதற வேண்டாம். இனிக்க இனிக்கப் பேசிக் குழைகிறான், அவ்வளவுதான்.

தீர்வு இருக்கிறது, கொஞ்சம் கைவேலை. இ-ரீடரில் வெப்ஸ்டரின் 1913 பதிப்பை இயல்பு அகராதியாக ஏற்றுங்கள். காப்புரிமை முடிந்தது, பழைய பொருளும் விரிவாக இருக்கும். சந்தேகம் தீராவிட்டால் இணையத்தில் வெப்ஸ்டரின் 1828 பதிப்பு, ஆஸ்டின் காலத்துக்கு இன்னும் நெருக்கம். அச்சில் வேண்டுமென்றால் டேவிட் ஷபார்டின் குறிப்புரைப் பதிப்பு நல்லது: ஒரு பக்கம் மூலம், எதிர்ப்பக்கம் விளக்கம். குறிப்புகள் சில இடங்களில் பின்கதையை உடைத்துவிடும், கதை தெரியாதவர்கள் கவனம்.

அன்கி (அட்டைகளைத் திரும்பத் திரும்பக் காட்டி மனத்தில் பதிய வைக்கும் செயலி) அட்டையில் தனிச்சொல் போடாதீர்கள். முன்பக்கம் நாவலின் முழு வாக்கியம், அத்தியாய எண், யார் பேச்சு. பின்பக்கம் '1813' என்று ஒரு வரி, 'இன்று' என்று ஒரு வரி. இரண்டும் மாறுபட்டால் இன்றைய வாக்கியம் ஒன்றை வைத்து இரண்டாவது அட்டையும் போடுங்கள். தேர்வுக்கு உதவப்போவது அதுதான். செயலி இயல்பாக நாளுக்கு 20 புதிய அட்டை கொடுக்கும். அப்படியே விட்டால் சில வாரத்தில் மறுபார்வை மட்டும் நூற்றுக்கணக்கில் சேர்ந்து, ஆளே ஓடிவிடுவார். எட்டாகக் குறையுங்கள். நாவலில் வரும் வெவ்வேறு சொற்களில் பெரும் பங்கு ஒரே ஒரு முறைதான் தலைகாட்டும். அவற்றையெல்லாம் அட்டையாக்க வேண்டியதில்லை. வண்டி வகை, துணி வகைப் பெயர்களைத் தயங்காமல் தள்ளுங்கள்.

உச்சரிப்புக்கு லிப்ரிவாக்ஸ் ஒலிப்பதிவு இலவசம். 18-இல் டார்சி முகத்தில் படரும் செருக்கைச் சொல்லும் hauteur என்ற சொல்லை எழுத்தைப் பார்த்து 'ஹாட்டியூர்' என்று படித்தவர்கள், 'ஓட்டர்' என்று கேட்டால் அடையாளமே காணமாட்டார்கள்.

தேர்வுக்கு மூன்று மாதம்கூட இல்லையென்றால் இந்தப் பக்கமே வராதீர்கள். ஆய்வுக் கட்டுரை நடையில் வரும் வாதம், சான்று, கருதுகோள் சார்ந்த சொற்களை இந்த நாவல் உங்களுக்குக் கற்றுத்தராது. பட்டியலையும் பத்திரிகைக் கட்டுரைகளையும் பிடித்துக்கொள்ளுங்கள். தேர்வு நூலாக நான் தரும் மதிப்பெண் ஐந்துக்கு இரண்டு. நண்பரே, உங்களுக்கு ஆறு மாதம் இருக்கிறது என்கிறீர்கள்: வெப்ஸ்டரை ஏற்றிவிட்டு 13, 14, 15, 19 மட்டும் முதலில் படியுங்கள். காலின்ஸ் பிடித்துப்போனால் மீதி 57 அத்தியாயத்தை யாரும் சொல்லாமலே படிப்பீர்கள்.