பழைய ஜீப்புக்கு மாற்றுப் பட்டை ஸ்பிரிங்: வால்பாறைச் சாலையில் சில ஆண்டுக் கால அனுபவம்

பழைய மஹிந்திரா சி.ஜே. 3பி ஜீப்புக்குப் பட்டை (ஸ்பிரிங்காக அடுக்கப்பட்டு வண்டியைத் தாங்கும் எஃகுத் தகடு) மாற்ற வேண்டும் என்று எந்தக் கடையில் போய் நின்றாலும், முதலில் வரும் கேள்வி "எத்தனைப் பட்டை செட்டு வேண்டும்?" என்பதாகத்தான் இருக்கும். பட்டைகளின் எண்ணிக்கை கூடினால் ஸ்பிரிங் பலமாக இருக்கும் என்ற நம்பிக்கை விற்பவரிடமும் வாங்குபவரிடமும் ஊறிப்போயிருக்கிறது. வேறு வேறு செட்டுகளைப் பூட்டிப் பொள்ளாச்சி–வால்பாறைச் சாலையிலும் அதற்கு மேலுள்ள தேயிலைத் தோட்டப் பாதைகளிலும் பல மழைக்காலம் ஓட்டிய பிறகு, எண்ணிக்கையைக் கடைசியாகப் பார்த்தால் போதும் என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். வண்டி அன்றாடம் உண்மையில் சுமக்கும் எடை, ஒவ்வொரு பட்டையின் தடிமன், எஃகின் பதம் ஆகியவையே முதலில் பார்க்கப்பட வேண்டியவை.

சி.ஜே. 3பி அமெரிக்காவில் 1953-இல் வந்து 1968-இல் நின்றுபோனது. இங்கே மஹிந்திரா அதற்குப் பிறகும் நெடுங்காலம் அதைத் தயாரித்தது. அதன் மூதாதையான இராணுவ வில்லிஸ், கால் டன் சுமைக்கென்று வகுக்கப்பட்ட வண்டி. சக்கர இடைவெளி 80 அங்குலம் மட்டுமே. மூல வடிவமைப்பில் முன் ஸ்பிரிங்கின் நீளம் 36¼ அங்குலம், பின் ஸ்பிரிங்கின் நீளம் 42 அங்குலம், பட்டையின் அகலம் 1¾ அங்குலம். இவ்வளவு குட்டையான ஸ்பிரிங்கில் தடிமன் சற்றே மாறினாலும் வண்டியின் குணமே மாறிவிடும். பட்டையின் விறைப்பு அதன் தடிமனின் மும்மடிக்கு ஏற்பக் கூடுவதே இதற்குக் காரணம். நீளமும் அகலமும் ஒன்றாக இருக்க, 6 மில்லிமீட்டர் பட்டைக்குப் பதிலாக 7 மில்லிமீட்டர் பட்டை வைத்தால் விறைப்பு ஏறத்தாழ 59 சதவீதம் அதிகரிக்கும். பத்துப் பட்டை உள்ள செட்டில் இன்னொரு பட்டையைச் சேர்த்தாலோ, அது முழு நீளப் பட்டையாகவே இருந்தாலும், சுமார் 10 சதவீதம்தான் கூடும். ஆகவே வெர்னியர் அளவுகோல் இல்லாமல் பட்டை வாங்கப் போவது வீண் வேலை.

நான் வாங்கியபோது வண்டியில் இருந்தது, முந்தைய உரிமையாளர் உயரம் வேண்டும் என்பதற்காகப் பூட்டிய தடித்த பட்டைகள். அவற்றோடு இயல்பைவிட நீண்ட ஷாக்கிள்களும் (ஸ்பிரிங்கின் முனையை வண்டியின் சட்டத்தோடு அசையும்படி இணைப்பவை) இருந்தன. பார்வைக்கு மிடுக்காக இருந்தாலும், இருவர் மட்டும் ஏறிச் செல்லும்போது ஸ்பிரிங் அசையவே அசையாது. அசைய வேண்டியதெல்லாம் நம் முதுகெலும்புதான். இதைவிடக் கவலை தந்தது ஸ்டியரிங். இந்த ஜீப்புகளில் முன் ஸ்பிரிங்கின் ஷாக்கிள் முன் முனையிலும், நிலையான பிடிப்பு பின் முனையிலும் அமைந்திருக்கும். முன்னால் நீண்ட ஷாக்கிள் போட்டால் ஸ்பிரிங்கின் முன் முனை இறங்கி, அச்சின் மேற்பகுதி முன்னோக்கிச் சாய்ந்து, காஸ்டர் கோணம் (சக்கரம் திரும்பும் அச்சுக்கோடு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு) குறைந்துவிடும். அதன் பிறகு வளைவு முடிந்தும் ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்பாது. ஆழியாறிலிருந்து ஏறும்போது வரும் 40 கொண்டை ஊசி வளைவுகளிலும் சக்கரத்தைக் கையால் இழுத்தே திருப்ப வேண்டியிருந்தால் அது எவ்வளவு அலுப்பு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆப்பு வடிவத் தகடு வைத்துக் கோணத்தைச் சரிசெய்வோர் உண்டு. உயரத்தையே குறைத்துவிடுவது இன்னும் எளிது என்பது என் எண்ணம்.

மாற்றுக்கு மூன்று வழிகள் இருந்தன. முதலாவது, சென்னைப் புதுப்பேட்டை போன்ற சந்தைகளில் கிடைக்கும் பழைய செட்டு. மலிவானது, பெரும்பாலும் மூல அளவிலேயே இருக்கும். ஆனால் எத்தனை இலட்சம் முறை வளைந்து நிமிர்ந்த எஃகு என்பதைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. மெயின் பட்டையின் முனை வளையமான கண்ணுக்கு அருகிலும், பட்டைகளை நடுவில் கோக்கும் சென்டர் போல்ட்டின் துளையைச் சுற்றியும் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பார்க்கலாம். விரிசல் தெரியவில்லை என்பதற்காக அந்தப் பட்டைக்கு ஆயுள் மிச்சமிருக்கிறது என்று கொள்ள முடியாது.

இரண்டாவது வழி, தளர்ந்த பட்டைகளைப் பட்டறையில் கொடுத்து மீண்டும் வளைவு ஏற்றுவது. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பெரும்பாலோர் இதைத்தான் செய்கிறார்கள். பட்டையைக் குளிர்ந்த நிலையிலேயே சம்மட்டியால் அடித்து வளைத்தால் வண்டி உடனே உயர்ந்து நிற்கும். சில மாதங்களில் பழையபடி இறங்கிவிடும். நான் முதலில் செய்வித்த பின்பக்க செட்டு அப்படித்தான் ஒரே மழைக்காலத்துக்குள் பழைய உயரத்துக்கு வந்துவிட்டது. முறையாகச் செய்வதென்றால் பட்டைகளைத் தனித்தனியே பிரித்து, செந்நிறம் வரும்வரை சூடாக்கி, வளைத்து, எண்ணெயில் அமிழ்த்திக் கடினமாக்கி, மீண்டும் அளவான சூட்டில் வைத்துப் பதம் தணிக்க வேண்டும். கடைசிப் படியை விட்டுவிட்டால் பட்டை கண்ணாடித்தன்மை பெற்று ஒரு நாள் சட்டென்று முறியும். இத்தனையும் செய்தாலும் தொழிற்சாலையில் நடைபெறும் ஷாட் பீனிங் பட்டறையில் இருக்காது. சிறு எஃகு மணிகளை வேகமாக அடித்து, பட்டையின் இழுவிசை தாங்கும் பக்கத்தில், அதாவது உட்குழிந்த மேல்முகத்தில், அமுக்கத் தகைவை (உள்ளேயே தங்கும் அழுத்தத்தை) ஏற்றுவதுதான் அந்த முறை; களைப்பு விரிசல் தொடங்குவதை அது வெகுவாகத் தள்ளிப்போடும். எனவே அவசரத்துக்கு வளைவு ஏற்றலாமே தவிர, மலைப்பாதையில் நிரந்தரமாக ஓடும் வண்டிக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மூன்றாவது, புதிய செட்டு. நான் இறுதியில் தேர்ந்தெடுத்தது இதைத்தான்; ஆனால் கடையில் தயாராக அடுக்கியிருந்ததை வாங்காமல், மூல நீளத்திலும் அகலத்திலும் சற்றே மெலிந்த பட்டைகளைக் கொண்டு செய்வித்துக்கொண்டேன். மெலிந்த பட்டை பலவீனமானது என்று பட்டறையில் எச்சரித்தார்கள். ஆனால் ஒரே அளவு வளையும்போது பட்டையில் எழும் தகைவு தடிமனுக்கு நேர்விகிதத்தில் இருக்கும். ஆகவே குழியில் சக்கரம் ஆழமாக இறங்கி ஏறும்போது தடித்த பட்டையைவிட மெலிந்த பட்டைக்கே பாதிப்புக் குறைவு. ஒரே விறைப்பைத் தடித்த சில பட்டைகளாலும் பெறலாம், மெலிந்த பல பட்டைகளாலும் பெறலாம். இரண்டாவதில் பட்டைகளுக்கு இடையே உராய்வு கூடும் என்பதுதான் அதற்குக் கொடுக்கும் விலை.

அந்த உராய்வுதான் வால்பாறையில் பெரும் பிரச்சினை. தமிழகத்தில் மிக அதிகமாக மழை பெய்யும் இடங்களுள் ஒன்றான சின்னக்கல்லார் இந்தப் பகுதியில்தான் இருக்கிறது. ஈரம் பட்டைகளுக்கு இடையே புகுந்து துருவாக மாறினால், செட்டு முழுவதும் ஒரே கட்டையாக இறுகிவிடும். நாம் யோசித்து யோசித்துத் தேர்ந்தெடுத்த மென்மையும் அதோடு போய்விடும். மழை ஓய்ந்ததும் செட்டைப் பிரித்து, கம்பித் தூரிகையால் தேய்த்து, கிராஃபைட் கிரீஸ் பூசிப் பூட்டுவதை வழக்கமாக்கியிருக்கிறேன். கழிவு எஞ்சின் ஆயிலைத் தெளிக்கும் பழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. அது புழுதியைச் சேர்ப்பதோடு பட்டையின் கண்ணுக்குள் இருக்கும் ரப்பர் புஷ்களையும் ஊறவைத்துக் கெடுக்கும். கிரீஸ் பூசிய பிறகு உராய்வு குறைவதால் வண்டி அதிகமாகத் துள்ளுவதுபோல் தோன்றும். அது ஸ்பிரிங்கின் குறை அன்று. அதுவரை உராய்வு மறைத்துவைத்திருந்த ஷாக் அப்சார்பரின் தேய்மானம் இப்போது வெளியே தெரிகிறது.

வாங்குமுன் பட்டையின் கண்ணை அளந்துகொள்வதும் முக்கியம். வில்லிஸ் கால அமைப்பில் யூ வடிவ ஷாக்கிளும் மரையிட்ட உலோகப் புஷ்ஷும் இருக்கும். அவற்றில் இடமரையும் வலமரையும் கலந்து வரும். பிற்காலத்தில் பலர் ரப்பர் புஷ்ஷுக்கு மாற்றியிருப்பதால், கண்ணின் விட்டம் வண்டிக்கு வண்டி வேறுபடலாம். ரப்பர் புஷ் உள்ள வண்டியில் ஷாக்கிள் போல்ட்டைச் சக்கரங்கள் தரையில் நிற்கும்போதே இறுதியாக முறுக்க வேண்டும். ஜாக்கியில் தூக்கியபடி முறுக்கினால் வண்டி இறங்கியதும் ரப்பர் முறுகிய நிலையிலேயே நின்று சீக்கிரம் கிழியும். ஸ்பிரிங்கை அச்சோடு இறுக்கிக் கட்டும் யூ போல்ட்டைப் புதிதாகவே போடுவது நல்லது. புதிய செட்டு படிந்ததும் சில நூறு கிலோமீட்டருக்குள் மறுபடி முறுக்க வேண்டும். யூ போல்ட் தளர்ந்தால் சுமை முழுவதும் சென்டர் போல்ட்டில் விழும். அது அறுந்தால் அச்சே இடம் பெயரும்.

மென்மையான செட்டில் குறை இல்லாமல் இல்லை. பின்னால் நான்கு பேரும் மூட்டைகளும் ஏறினால் வண்டி தாழ்ந்து, அச்சு மேலேறுவதைத் தடுக்கும் பம்ப் ஸ்டாப்பில் இடிக்கிறது. செங்குத்தான ஈர மண் ஏற்றத்தில் முதல் கியரில் அழுத்தும்போது பின் ஸ்பிரிங் எஸ் வடிவில் முறுகி, அச்சு ஓரிரு முறை உதறுவதும் உண்டு. நாள்தோறும் ஆள் ஏற்றிச் செல்லும் வண்டிக்கோ, பெட்ரோல் எஞ்சினை எடுத்துவிட்டுக் கனமான டீசல் எஞ்சின் வைத்த வண்டிக்கோ இந்தத் தேர்வு பொருந்தாது. டீசல் வண்டிக்கு முன்பக்கமாவது தடித்த பட்டை வேண்டும். இருவரும் சிறு சாமானுமாகச் செல்லும் எனக்கு இதுவே சரியாக இருக்கிறது. ஓட்டுநர் பக்கமான வலப்பக்கம் இடப்பக்கத்தைவிடச் சற்று இறங்கியிருக்கிறது என்றாலும், மாற்றும் அளவுக்கு இல்லை. முன் ஷாக்கிள் புஷ்களை மட்டும் அடுத்த தென்மேற்குப் பருவமழைக்கு முன் மாற்ற வேண்டியிருக்கும்.