'நார்சிசம் எங்கிருந்து வருகிறது?' பிரிக்பீல்ட்ஸ் ஒருநாள் வகுப்பு: காசுக்குப் பழுதில்லை

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு மாடியில், சனிக்கிழமை முழுநாள், முழுக்கத் தமிழில் நடந்த வகுப்பு. தலைப்பு நார்சிசம்: தன்னையே பெரிதாக நினைத்து, பிறர் பாராட்டுக்கு ஏங்கி, பிறர் மனசைக் கண்டுகொள்ளாத குணம். கட்டணம் 150 ரிங்கிட், மதியம் வாழையிலைச் சாப்பாடு அதில் அடக்கம். நான் செந்தூலில் பாலர் பள்ளி நடத்துகிறவள்; பிள்ளைகளைப் பற்றி ஏதாவது கிடைக்கும் என்றுதான் போனேன். டிக்டாக்கைத் திறந்தால் மாமியார் முதல் மேனேஜர் வரை எல்லாருமே நார்சிசிஸ்ட் ஆகிவிட்ட காலம் இது. ஓர் அக்கா எடுத்த எடுப்பிலேயே, "என் வீட்டுக்காரருக்கு இது இருக்கா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க" என்றார். வகுப்பெடுத்த ஆலோசகர், "இங்க இல்லாத ஆளுக்கு நான் பேர் வைக்க மாட்டேன்க்கா. இப்படிப்பட்டவங்க சின்ன வயசுல எப்படி வளர்ந்திருப்பாங்கன்னு வேணும்னா பார்ப்போம்" என்றார். அங்கேயே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

காலையில், உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த ஃபிராய்டு. நார்சிசம் பற்றி அவர் எழுதிய 1914 கட்டுரையை ஆலோசகர் சுருக்கமாகச் சொன்னார்: பிறந்த குழந்தையின் ஆசையெல்லாம் தன்மேலேயே குவிந்திருக்கும், பிறகு பிறர் பக்கம் போகும், அடிபட்டால் மறுபடி தன்னிடமே திரும்பிவிடும். பெற்றோர் குழந்தையை ராஜாவாகக் கொண்டாடுவது, தாங்கள் எப்போதோ கைவிட்ட தற்காதலைத்தானாம். பரிசளிப்பு விழாவில் கைப்பேசியோடு மேடைக்கு முண்டியடிக்கும் எங்கள் பள்ளிப் பெற்றோர்கள் ஞாபகத்துக்கு வந்தார்கள்.

ஃபிராய்டுக்குப் பின்வந்த உளப்பகுப்பாய்வாளர் ஹைன்ஸ் கோஹுட்டின் கருத்துக்கு வந்ததும்தான் வகுப்பு களைகட்டியது. 'நான்தான் பெரிய ஆள்' என்பது எல்லாப் பிள்ளைக்கும் வருகிற பருவம். அதைப் பார்த்து மலர ஒரு முகம் வேண்டும். மலர்கிற முகமும் அவ்வப்போது தவறும்; அந்தச் சின்ன ஏமாற்றங்களில்தான் பிள்ளை தெம்பைத் தனக்குள்ளேயே வளர்த்துக்கொள்ளும். முகமே மலராத வீட்டில் பருவம் அங்கேயே நின்றுவிடும்; நார்சிசம் அங்கிருந்துதான் வருகிறது என்பது கோஹுட் கட்சி. இதற்கு ஆலோசகர் ஒரு பயிற்சி வைத்தார். ஒருவர் தன் சந்தோஷச் செய்தியைச் சொல்ல, எதிரே இருப்பவர் முகத்தைக் கல்லாக வைத்துக்கொள்ள வேண்டும். எனக்கு எதிரே கார் விற்கும் தம்பி. புது வீட்டுச் சாவி வாங்கியதைச் சொன்னார். நான் அசையவில்லை. மூலை வீடு என்றார். அப்புறம் அந்தத் தாமான் குடியிருப்பிலேயே தன் வீடுதான் பெரியது என்றார். காலை ஆட்டிக்கொண்டே விலையையும் சொல்லிவிட்டார். நேரம் முடிந்து "வாழ்த்துகள் தம்பி" என்று நான் சிரித்ததும், "சின்ன வீடுதான் டீச்சர்" என்றார்.

"அப்போ எல்லாம் அம்மா தலையிலதானா? எங்க பிள்ளைகள்ல பாதி பாட்டி வீட்டுல வளருது" என்று கேட்டேன். கோஹுட் 1977இல் எழுதிய புத்தகத்திலிருந்து ஆலோசகர் பதில் சொன்னார்: பிள்ளைக்கு இரண்டு வாய்ப்பு உண்டு, தன்னைப் பார்த்து மலரும் முகம் கிடைக்காவிட்டாலும், அண்ணாந்து பார்த்துச் சாய்ந்துகொள்ள ஒருவர் கிடைத்தால் தேறிவிடலாம். சரி, ஒப்புக்கொண்டேன்.

குறை என்றால் இன்னொரு உளப்பகுப்பாய்வாளரான ஓட்டோ கெர்ன்பெர்க்கை நடத்திய விதம். அள்ளித் தெளித்த கோலம். கோஹுட்டும் இவரும் வியன்னாவில் பிறந்தவர்கள், ஆனால் இந்த விஷயத்தில் நேரெதிர். கெர்ன்பெர்க்குக்கு நார்சிசம் பாதியில் நின்ற வளர்ச்சி இல்லை, கோணலாகவே கட்டப்பட்டது; அன்பு காட்டாத பெற்றோரிடம் மூண்ட ஆத்திரத்தையும் பொறாமையையும் மறைக்க எழுப்பிய மதில். அதனால் சிகிச்சையிலும், கோஹுட் முதலில் பரிவோடு புரிந்துகொள்ளச் சொல்ல, இவர் அந்த ஆத்திரத்தை நேருக்கு நேர் பேசச் சொல்கிறார். இவ்வளவு பெரிய சண்டையை, சோறு தின்று தூங்கி வழிகிற நேரத்தில் நாலு சிலைடில் முடித்தால் எப்படி? கூட்டாளி கட்டிய கோபுரம் தன்னுடையதைவிட உயரம் என்பதற்காகவே அதை எட்டி உதைக்கிற பிள்ளை என் வகுப்பில் இருக்கிறான். அவனுக்குக் கோஹுட் மட்டும் போதாது.

கையேட்டின் நகல் மங்கல். சாஃப்ட் காப்பி கேட்டால் தருகிறார்கள். ஏர்கோன் பல்லைக் கிட்டும், ஸ்வெட்டர் அவசியம். காருக்கு இடம் தேடி அலையாமல் கே.எல். சென்ட்ரலில் இறங்கி நடந்துவிடுங்கள்.