ஊட்டியில் ஒரு போசி வெந்நீர்

போன டிசம்பரில் ஊட்டிக்குப் போய் இரண்டு ராத்திரி தங்கிவிட்டு வந்தோம். அம்மா, நான், 14 வயது மகள். பூங்கா, ஏரி, தொட்டபெட்டா எல்லாம் நீங்களும் பார்த்தவைதான். அங்கெல்லாம் ஒரு குறையும் இல்லை, அதனால் எழுதவும் ஒன்றுமில்லை. நான் எழுத உட்கார்ந்தது வெந்நீரைப் பற்றி.

அம்மாவுக்கு 74 வயது. முழங்கால் வலி. குளிர் பட்டால் ராத்திரி முழுக்கக் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதனால் விடுதி தேடும்போது நான் பார்த்தது இரண்டே விஷயம்: தரைத்தளத்தில் அறை, அப்புறம் வெந்நீர். சேரிங் கிராசிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஒன்று கிடைத்தது. பெயர் வேண்டாம். ஒரு நாளைக்கு 4,500 ரூபாய். '24 மணி நேர வெந்நீர்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். அந்த ஒரு வரியை நம்பித்தான் பணம் கட்டினேன்.

அன்றைக்கு வெந்நீர் தேவைப்பட்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மலை ரயிலில் வந்திருந்தோம். மேட்டுப்பாளையத்தில் காலை 7.10-க்கு ஏறினால் ஊட்டியில் இறங்க மதியம் ஆகிவிடும். 46 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம். கல்லாறு தாண்டியதும், எஞ்சின் சறுக்காமல் கவ்விப் பிடித்து ஏறும் பல்தண்டவாளம் தொடங்கும், எஞ்சின் பின்னால் இருந்து நம்மைத் தள்ளும். செங்குத்தான இடங்களில் 12 அடி போனால் ஒரு அடி உயர்கிறோம். ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் குன்னூர் வருவதற்குள் முகத்திலும் கழுத்திலும் கரித்தூள் படிந்துவிடும். அந்தப் பிசுபிசுப்பு சோப்புக்கும் பச்சைத் தண்ணீருக்கும் போகாது என்பது அந்த வண்டியில் வந்தவர்களுக்குத் தெரியும்.

அந்த ரயிலைத் தள்ளும் எக்ஸ் வகை நீராவி எஞ்சின்களை முதலில் செய்து அனுப்பிய ஊர் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர். நான் 19 வருஷமாகக் குடியிருப்பது அங்கேதான். ரயில் நிலையத்தை ஒட்டி அந்தப் பழைய ஆலைப் பகுதி இன்னும் இருக்கிறது, தினமும் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறேன். இப்போது திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையிலேயே புது எஞ்சின்கள் செய்கிறார்கள். வழியில் ஹில்குரோவ் நிலையத்தில் தண்ணீர் பிடிக்க வண்டி நின்றபோது மகள் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "தண்ணியைச் சுட வெச்சு அந்த ஆவியிலயா இவ்ளோ பேரைத் தூக்கிட்டுப் போகுது?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899-லிருந்து இப்படித்தான் நடக்கிறது.

அன்று சாயங்காலம் 7 மணிக்கு விடுதி அறையில் குழாயைத் திறந்தேன். பத்து நிமிஷம் ஓடவிட்டும் கை விறைத்ததுதான் மிச்சம். வரவேற்பு மேசையில் இருந்த பையனிடம் போனேன்.

"சோலாருங்க மேடம். இன்னிக்கு வெயிலே அடிக்கலை. காலையில 6-லிருந்து 8 வரைக்கும் வரும்."

"24 மணி நேரம்னு போட்டிருக்கே தம்பி?"

"அது ஆன்லைன்ல போடறவங்க போட்டதுங்க."

அவன் தப்பு ஒன்றுமில்லை. 20 வயதுகூட இருக்காது, குல்லாயைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு அவனே நடுங்கிக்கொண்டிருந்தான். ரூம் ஹீட்டர் வேண்டுமானால் தருகிறேன், ஒரு ராத்திரிக்கு 400 ரூபாய் என்றான். வாங்கிக்கொண்டோம். ஸ்விட்சைப் போட்டதும் அறை விளக்கு மங்கியது. ஒரு முழ தூரம் வரைக்கும்தான் சூடு.

சுவிஸில் வெளியே மைனஸ் 8 டிகிரி என்றாலும் வீட்டுக்குள் 21 டிகிரி இருக்கும், மெல்லிய சட்டையோடு நடமாடுவோம். ஊட்டியில் வெளியே 6 டிகிரிதான், ஆனால் அறைக்குள்ளும் ஸ்வெட்டரைக் கழற்ற முடியாது. பனி நாட்டிலிருந்து வருகிறவளுக்கு ஊட்டிக் குளிர் என்ன செய்யும் என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். அவர்களுக்கு இதை எப்படிப் புரியவைப்பது என்று தெரியவில்லை. குளித்துவிட்டு ஒரு சூடான அறைக்குள் வருவது வேறு, குளிக்கவே வழியில்லாமல் ஈரமான ரஜாய்க்குள் படுப்பது வேறு.

கோயம்புத்தூரில் இருக்கும் தம்பிக்கு போன் செய்தேன். இப்போதே காரை எடுத்துக்கொண்டு வந்து கூட்டிப்போகிறேன் என்றான். 2024 மே மாதத்திலிருந்து வெளியூர்க் கார் மலையேற இ-பாஸ் வேண்டும், ரயிலுக்கும் அரசுப் பஸ்ஸுக்கும் அது தேவையில்லை. போனிலேயே எடுத்துவிடலாம் என்றான். அம்மா போனைப் பிடுங்கி, "வேண்டாங் கண்ணு, இந்த இருட்டுல அத்தனை கொண்டை ஊசி வளைவையும் திரும்பி வராத. ஒரு ராத்திரிதான்" என்று வைத்துவிட்டார்.

1980களில் நாங்கள் ஊட்டிக்கு வந்தபோது லாட்ஜில் கீசர் இல்லை, சோலார் இல்லை. அப்பாவுக்கு மில்லில் லீவு கிடைக்கும் மே மாதத்தில், மலர்க் கண்காட்சிக்கு வருவோம். கொல்லைப்புறத்தில் பெரிய செம்பு பாய்லர் இருக்கும், அடியில் தைலமரக் கட்டை எரியும். விடிந்ததும் மாடி வராந்தாவிலிருந்து, "அண்ணா, மூணாம் நம்பருக்கு ரெண்டு பக்கெட்!" என்று குரல் கொடுப்போம். ஆவி பறக்க இரண்டு கையிலும் பக்கெட்டோடு அவர் படியேறி வருவார். பக்கெட்டுக்கு ஒரு ரூபாய். விளாவிக்கொள்ளப் பச்சைத் தண்ணீர் உள்ளே பிடித்து வைத்திருக்க வேண்டும். ஆளுக்கு ஒரு பக்கெட்தான் என்று எல்லோருக்கும் தெரியும், அந்த ஒரு பக்கெட் நிச்சயமாக வந்துவிடும் என்பதும் தெரியும். குளித்த உடம்பில் அந்தக் கட்டைப் புகை வாசம் மத்தியானம் வரை இருக்கும்.

எல்லா நேரமும் வேண்டும் என்று நான் கேட்கவே இல்லை. விண்டர்தூரில் எங்கள் அடுக்ககத்தில் துணி துவைக்கும் அறை ஒன்றுதான். எந்த வீட்டுக்கு எந்தக் கிழமை, எத்தனை மணி வரை என்று கதவில் ஒட்டியிருக்கும். எனக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு நாள். இத்தனை வருஷத்தில் அதனால் எனக்கு ஒரு சிரமமும் வந்ததில்லை. '6 முதல் 8 வரை மட்டும்' என்று இந்த விடுதியும் எழுதியிருந்தால் ரயிலில் வந்த அன்றைக்கு வேறு இடம் பார்த்திருப்பேன்.

ராத்திரி 10 மணி இருக்கும். சமையலறையிலாவது கேட்டுப் பார்க்கலாம் என்று பின்பக்கம் போனேன். சமையலறை பூட்டியிருந்தது. அதை ஒட்டிய தகரக் கொட்டகையில் இரவுக் காவல்காரர் மூன்று கல் கூட்டி நெருப்பு மூட்டிக் குளிர் காய்ந்துகொண்டிருந்தார். 60 வயது இருக்கும். கேத்திப் பக்கம் ஒரு ஹட்டியில் (படுகர் கிராமத்தில்) வீடு என்று பிறகு சொன்னார். அம்மாவுக்குக் கால் வலி என்று நான் சொல்லி முடிப்பதற்குள் எழுந்துவிட்டார்.

அவர் எடுத்து வைத்தது ஒரு அலுமினியப் போசி, அதாவது பாத்திரம். ஒரு பக்கம் ஒடுங்கி, அடி முழுக்கக் கரி. நாலு பெரிய செம்புத் தண்ணீர் பிடிக்கும். இரண்டு தைலக் கட்டையை உள்ளே தள்ளி, மேலே ஒரு தட்டைப் போட்டு மூடினார். ஊட்டி உயரத்தில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். பருப்பு வேக நேரம் எடுத்தாலும் வெந்நீர் சீக்கிரம் ஆகிவிடும் என்று அவரே சொன்னார். தட்டு தடதடவென்று ஆடத் தொடங்கியதும் ஈரச் சாக்கை இரண்டு காதிலும் சுற்றிப் பிடித்து அறை வாசல் வரை தூக்கிக்கொண்டு வந்தார். நான் பிடிக்கிறேன் என்றதற்கு விடவில்லை.

பாதியை ஒரு பக்கெட்டில் ஊற்றி விளாவி அம்மாவின் காலை உள்ளே வைத்தேன். மீதியில் மூன்று பேரும் துண்டை நனைத்து முகம், கழுத்து, கையெல்லாம் துடைத்தோம். வெள்ளைத் துண்டு கருப்பாகிவிட்டது. அம்மா கண்ணை மூடிக்கொண்டு, "அதே வாசம்" என்றார்.

மறுநாள் காலை 6 மணிக்குத் தயாராக நின்றேன். தொட்டி மொட்டை மாடியில், எங்கள் அறை தரைத்தளத்தில். குழாயில் நின்ற பச்சைத் தண்ணீரே நாலு பக்கெட் வந்தது. ஐந்தாவது பக்கெட் சுட்டது. ஆறாவது பக்கெட் பாதியில் ஆறிவிட்டது, அதற்குள் மேல்மாடிக்காரர்கள் திறந்துவிட்டார்கள் போல. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலைத் தடை செய்து, தெருமுனையில் குடிநீர் இயந்திரம் வைத்திருக்கிற மாவட்டம் இது. அங்கே ஒரு விடுதி, ஒரு பக்கெட் வெந்நீருக்கு நாலு பக்கெட் நல்ல தண்ணீரைச் சாக்கடையில் விடவைக்கிறது. எனக்குக் கோபம் அடங்கவே இல்லை.

மேலாளரிடம் இரண்டு விஷயம் சொன்னேன். மேகம் மூடிய நாளுக்காகத் தொட்டியில் ஒரு மின்சாரச் சுருள் வைக்கலாம், முடியாவிட்டால் தரைத்தள அறைகளுக்காவது கீசர் போடலாம். அதுவரைக்கும் அந்த '24 மணி நேர' வரியை எடுத்துவிட வேண்டும். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். ஹீட்டர் பணம் 400-ஐ பில்லில் குறைத்துவிட்டார். சுவிஸ் திரும்பிய பிறகு பார்த்தேன், அந்த வரி அப்படியே இருக்கிறது. வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் முன்பணம் கட்டும் முன்னால் போனில் கேளுங்கள்: கீசரா, சோலாரா? சோலார் என்றால், எந்த மாடி?

இரண்டாம் நாள் ராத்திரி நான் போய்க் கேட்கவில்லை. ஒன்பதரை மணிக்குக் காவல்காரரே கதவைத் தட்டிப் போசியை வாசலில் வைத்தார். அம்மா 200 ரூபாயை நீட்டி, "வாங்கிக்குங்க தம்பி" என்றார். வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டு, "காலையில 5 மணிக்குள்ள போசியை மட்டும் குடுத்துடுங்கம்மா, டீ மாஸ்டர் பாலுக்குத் தேடுவார்" என்றார்.

நாலே முக்காலுக்கு எழுந்து, போசியை உள்ளேயும் வெளியேயும் தேய்த்துக் கழுவி எடுத்துக்கொண்டு போனேன். புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்திருந்தது. கொட்டகையில் அவர் இல்லை. டீ மாஸ்டர் அடுப்பு பற்றவைத்துக்கொண்டிருந்தார். என் கையிலிருந்து போசியை வாங்கி ஒருமுறை உள்ளே பார்த்துவிட்டு, பாலை ஊற்றினார்.