யமஹா ஒய்ஏஎஸ்-280 ஆல்ட்டோ: காரைக்குடிக் கல்யாணத்துக்கும் ஜாஸுக்கும் தாங்குமா?

இது ஈ ஃப்ளாட் சாக்ஸபோன். சி ஸ்கேலுக்கு விரல் வைத்தால் வெளியே கேட்பது இரண்டரைக் கட்டை. கீபோர்டுக்காரர் ‘பி ஃப்ளாட்’ என்றால் நீங்கள் ஜி ஸ்கேலில் ஊத வேண்டும். இது தெரியாமல் மேடை ஏறினால் முதல் பாட்டிலேயே மானம் போய்விடும்.

கருவியில் பெரிய குறை இல்லை. ஹை எஃப் ஷார்ப் கீ உண்டு, வலது கட்டைவிரல் கொக்கியை நகர்த்திக்கொள்ளலாம். கூட வரும் 4சி மவுத்பீஸ்தான் ஜாஸுக்குக் காணாது. வாய்த்திறப்பு குறுகல் என்பதால் பழகுகிறவருக்குச் சௌகரியம். சுரத்தை வளைக்கப் போனால் இடம் கொடுக்காது. மேயர் 5 மவுத்பீஸும், அதில் கட்டி ஊதும் நாணல் சீவலான ரீடில் இரண்டரை நம்பரும் மாட்டிப் பார்த்துவிட்டு, பிறகு விலை கூடிய சாக்ஸைப் பற்றி யோசிக்கலாம். 1953-இல் டொராண்டோ மாஸி ஹாலில் ஜாஸ் மேதை சார்லி பார்க்கர் ஊதியது கிராஃப்டன் என்ற பிளாஸ்டிக் ஆல்ட்டோ. அதிலும் அவர் நாதம் அவருடையதாகத்தான் இருக்கிறது. சாக்ஸில் கர்நாடக சங்கீதம் வாசித்த கத்ரி கோபால்நாத் 1980-இல் பம்பாய் ஜாஸ் யாத்ரா விழாவில் அமெரிக்க ஜாஸ் கலைஞர் ஜான் ஹாண்டியோடு வாசித்தவர். கமகத்துக்காகக் கீ அமைப்பையே மாற்றிக்கொண்டார். அது கைதேர்ந்த மெக்கானிக் செய்யும் வேலை, ஸ்க்ரூ டிரைவரோடு நீங்கள் இறங்க வேண்டாம்.

மவுத்பீஸை எவ்வளவு உள்ளே தள்ளுவது? அதையும் சாக்ஸின் வளைந்த கழுத்துக் குழாயையும் மட்டும் சேர்த்து ஊதுங்கள். ட்யூனரில் ஏ ஃப்ளாட் வந்தால் ஏறக்குறைய சரி. சித்திரை வெயிலில் சுருதி ஏறும், சுருதிப்பெட்டி ஏறாது. கொஞ்சம் வெளியே இழுத்துக்கொள்ளுங்கள்.

ஜி ஷார்ப் கீ ஒட்டிக்கொள்வது எந்த சாக்ஸிலும் உள்ள தொல்லை. துளையை மூடும் தோல் மெத்தைதான் பேட்; அந்தக் கீயின் பேட் எப்போதும் மூடியே இருப்பதால் எச்சில் ஈரம் அதில் தங்கிவிடும். உக்காரையும் கந்தரப்பமும் தின்ற வாயோடு ஊதினால் கேட்கவே வேண்டாம், சர்க்கரை பசையாகிவிடும். வாய் கொப்பளித்துவிட்டு ஊதுங்கள். ஒட்டிவிட்டால் சிகரெட் தாளை பேடுக்கு அடியில் வைத்து மெல்ல அழுத்தி, கீயைத் திறந்த பிறகே தாளை எடுங்கள். அழுத்தியபடி இழுத்தால் பேட் தோல் கிழியும். வெயிலில் நிறுத்திய காருக்குள் பெட்டியை விடவே கூடாது. பேடைப் பிடித்திருக்கும் பசை இளகி, பேட் சாய்ந்து, காற்று கசியும். முதலில் அடி வாங்குவது ஆகக் கீழ்ச் சுரமான லோ பி ஃப்ளாட்.

செட்டிநாட்டு வீட்டு வளவில் வாசிப்பவர்களுக்கு இன்னொன்று. ஆத்தங்குடிக் கல்லும் வழுவழுச் சுவரும் ஓசையைத் திருப்பி அடிக்கும், மேல் சுரங்கள் காதைக் குத்தும். சுவரை ஒட்டி நிற்காமல் திறந்த முற்றத்துப் பக்கம் நில்லுங்கள். மைக்கைப் புனல் வாய்க்குள் திணிக்க வேண்டாம்; சாக்ஸின் ஓசை பக்கத்துத் துளைகளிலிருந்தும் வருகிறது. ஓரடி தள்ளி, இடது கை விரல்கள் இருக்கும் பக்கமாகத் திருப்பி வைக்கச் சொல்லுங்கள்.