வால்வ் ஆம்பை "அப்கிரேடு" பண்றோம்னு சொன்னா நம்பாதீங்க: 46,500 ரூபாய் போச்சு

நேத்து ராத்திரிதான் ரிப்பேராகி வந்த எங்க கிட்டார் ஆம்ப் பெட்டியோட பின்பலகையைக் கழட்டிப் பார்த்தேன். இன்னும் ஆத்திரம் அடங்கல. எழுத்து முன்னப்பின்ன இருந்தாப் பொறுத்துக்கங்க. வீட்ல பழைய வால்வ் ஆம்ப் (டிரான்சிஸ்டருக்குப் பதிலாக் கண்ணாடி வால்வ் வச்ச ஆம்ப்ளிபயர்), வால்வ் ரேடியோ வச்சிருக்கவங்க ரிப்பேருக்குக் கொடுக்கிறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிருங்க. என்னென்ன பார்த்துக் கொடுக்கணும்னு கடைசியில விவரமாச் சொல்றேன். கடை பேரைப் போடல, வக்கீல் வேண்டாம்னுட்டார். மதுரைப் பக்கம், பழைய ரேடியோவும் ஆம்பும் சரிபண்ணி வீடியோ போடுற ஒரு கடை. அதுக்கு மேல கேக்காதீங்க.

பொருள் வாக்ஸ் ஏசி30. கிட்டார் வாசிக்கிறவங்களுக்குப் பேரைச் சொன்னாலே போதும். மத்தவங்களுக்கு: 1950கள் கடைசியில இங்கிலாந்துல வந்த ஆம்ப், பீட்டில்ஸ் வாசிச்சது இதுலதான். 30 வாட். நாலு இஎல்84 வால்வ், கரண்டை டிசி ஆக்கித் தர ஒரு ஜிஇசட்34 வால்வ், 12 இஞ்சுல ரெண்டு செலஸ்டியன் ஸ்பீக்கர். அந்த ஸ்பீக்கருக்குப் பின்னாடி காந்தத்து மேல நீலக் கலர் மூடி இருக்கும். அந்த நீலத்துக்குத்தான் உலகம் பூரா அடிதடி.

எங்க சித்தப்பா பினாங்குல பகல்ல கடையைப் பார்த்துக்கிட்டு ராத்திரியில பேண்டுல வாசிச்சவர். ஊர் திரும்புறப்ப ரஜூலா கப்பல்ல நாகப்பட்டினம் வந்து இறங்கின சாமான்ல இதுவும் ஒண்ணு. கானாடுகாத்தான் வீட்ல இரண்டாங்கட்டு அறையில, ஜாடிகளுக்கும் மரப்பெட்டிகளுக்கும் நடுவுல, முப்பது வருஷத்துக்கு மேல கரண்டே காணாமக் கிடந்துச்சு. வர்ற தை மாசம் சித்தப்பாவுக்குச் சதாபிஷேகம். அன்னிக்கு வளவுல, அதான் வீட்டு முற்றத்துல, இதை வச்சு அவரையே வாசிக்க வைக்கணும்னு பங்காளிக எல்லாரும் ஆசைப்பட்டோம்.

முப்பது கிலோவுக்கு மேல கனம். ஆம்னி வேன்ல ஏத்திக் கொண்டுபோனோம். அந்தக் கடைக்காரர் பண்ணினதைக் கேளுங்க. பிளக்கைக் கையில வாங்கினவர் அப்படியே சொருகல. "தம்பி, இத்தனை வருஷம் தூங்கினதை இப்படியா எழுப்புறது?"ன்னு சொல்லி, 100 வாட் குண்டு பல்பு மாட்டின சீரிஸ் போர்டு வழியாக் கரண்ட் கொடுத்தார். உள்ள ஷார்ட் இருந்தா பல்பு மங்காம பளிச்சுனே எரியும். பல்பு பளிச்சுனு எரிஞ்சு மெதுவா மங்குச்சு. "டிரான்ஸ்பார்மர் பிழைச்சுக்கிச்சு. உங்க சித்தப்பா புண்ணியம்"னார். அப்புறம் ஆஃப் பண்ணி, கெப்பாசிட்டர்ல நின்ன சார்ஜை இறக்கி, மீட்டர்ல பூஜ்யம் காட்டினப்புறம்தான் கையை உள்ள விட்டார். வால்வை ஒண்ணொண்ணாக் கழட்டி, கண்ணாடியோட அடியில சாம்பல் நிறத்துல பொடியா இருந்த எழுத்தை லென்ஸ் வச்சுக் காமிச்சார். "ரெண்டாவது வரி 'பி'ன்னு ஆரம்பிக்குது பாருங்க. இங்கிலாந்து முல்லார்டு கம்பெனி வால்வ், பிளாக்பர்ன் ஃபேக்டரி. இந்த மாதிரி இனிமே எவனும் செய்ய மாட்டான் தம்பி."

அத்தனையும் முறையான வேலை. அதுல ஒரு குத்தம் சொல்ல முடியாது. என் தம்பி பக்கத்துல நின்னு போன்ல படம் எடுத்துக்கிட்டே இருந்தான், அவரும் லைட்டைத் திருப்பி வச்சுக் கொடுத்தார்!

"அப்கிரேடு பண்ணித் தர்றேன், இன்னும் அம்பது வருஷம் ஓடும்"னார். அட்வான்ஸ் 20,000. புது வால்வ் செட்டுக்கும் கெப்பாசிட்டருக்கும் 18,500. கூலி 8,000. ஆக 46,500 ரூபாய், அத்தனையும் ஜிபேல. பில் கேட்டதுக்கு விசிட்டிங் கார்டுக்குப் பின்னாடி பென்சில்ல எழுதிக் கொடுத்தார்.

அதுக்கப்புறம் போன் போட்டா ஒவ்வொரு தடவையும் ஒரு கதை. பார்ட்ஸ் கஸ்டம்ஸ்ல நிக்குது. பையன் கொடைக்குப் போயிட்டான். அண்ணன் பூஜையில இருக்காரு. மழை, ஈரம், சால்டரிங் பிடிக்கல (மதுரையில, சித்திரை மாசத்துல!). கடைசியா பார்சல் வேன்ல பெட்டியே வந்துருச்சு, ஒரு வார்த்தை சொல்லாம.

போட்டதும் 'உம்'முன்னு ஒரு இரைச்சல். கிட்டாரைச் சொருகினா ஏதோ கல்யாண வீட்டுக் குழாய் ஸ்பீக்கர் சத்தம். கொஞ்ச நேரத்துல கருகின வாடை. எட்டிப் பார்த்தா ரெண்டு வால்வுக்குள்ள இருக்கிற உலோகத் தகடு, பிளேட்டே சிவந்து தகதகன்னு எரியுது. பிடுங்கிப் போட்டேன்.

பின்பலகையைக் கழட்டினா நீல மூடி ரெண்டையும் காணோம். அந்த இடத்துல கறுப்புக் காந்தம் வச்ச லோக்கல் ஸ்பீக்கர் ரெண்டு. நாலு முல்லார்டும் இல்ல. ஜிஇசட்34 சாக்கெட் காலி, அடியில அதுக்குப் பதிலா ரெண்டு டயோடை சால்டர் பண்ணி வச்சிருக்கான். எதைக் கட்டாயம் மாத்தியே ஆகணுமோ, அந்தப் பெரிய கெப்பாசிட்டர்கள் மட்டும் பழசு பழசாவே இருக்கு, ஓரத்துல வெள்ளையாப் பூத்துப்போய். அதுக்கும் சேர்த்துத்தானே 18,500 வாங்கினான்?

இன்னிக்குக் காலையில தேவகோட்டையில வால்வ் ரேடியோ காலத்து மெக்கானிக் ஒருத்தர்கிட்ட காமிச்சேன். அவர் சொன்னது: ஜிஇசட்34 தானே கொஞ்சம் வோல்ட்டை முழுங்கும், மெதுவா சூடாகித்தான் கரண்ட் விடும். டயோடு அப்படி இல்ல, போட்ட நிமிஷமே முழு வோல்ட்டும் ஏறிரும். இஎல்84க்கு டேட்டா ஷீட்படி 300 வோல்ட்தான் எல்லை. ஏசி30 முதல்லேருந்தே அதை ஒட்டியும் தாண்டியும்தான் ஓடுது. போதாக்குறைக்குப் பழைய கப்ளிங் கெப்பாசிட்டர் (சிக்னலை மட்டும் விட்டு டிசியைத் தடுக்கிறது) கசிஞ்சா, வால்வுல கரண்டைக் கட்டுப்படுத்துற கிரிட்டுக்கு டிசி போய் அது இன்னும் கரண்ட் இழுக்கும். பிளேட் சிவக்காம என்ன செய்யும்? "அவுட்புட் டிரான்ஸ்பார்மர் தப்பிச்சது பெரிய விஷயம் தம்பி. இனிமே இதுல கரண்ட் கொடுக்காதீங்க"ன்னார்.

அந்தக் கடைக்காரனுக்குத் தொழில் தெரியாம இல்ல. லென்ஸ் வச்சு எனக்கா காமிச்சான்? அவனுக்கு அவனே விலை போட்டுப் பார்த்திருக்கான். நம்ம ஊர்ல தூணுக்கும் நிலைக்கதவுக்கும் விலை பேச வர்றவனை வாசல்லயே நிறுத்தி வைப்போம். இவன் வாங்க வரல, 46,500 ரூபாயை நம்மகிட்டயே வாங்கிக்கிட்டு சாமானையும் எடுத்துக்கிட்டான்.

போன்ல கேட்டேன். "தம்பி" போயி "சார்" ஆயிருச்சு. "பழைய ஸ்பீக்கர் கிழிஞ்சிருந்துச்சு சார், குப்பையில போட்டாச்சு." கிழியலன்னு படம் இருக்கு, அனுப்பினேன். "அது வேற ஆம்ப் சார்." அப்புறம், "நீங்க யூடியூப் பார்த்துட்டுப் பேசுறீங்க." அப்புறம் பிளாக். அவன் வீடியோவுக்கு அடியில எழுதினேன், அதையும் தூக்கிட்டான். நேத்து புது வீடியோ வேற வந்திருக்கு, யாரோ ஒருத்தரோட ரேடியோகிராம்!

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் பண்ணிப் புகார் பதிவு பண்ணியாச்சு. சிவகங்கை நுகர்வோர் ஆணையத்துலயும் போடப்போறோம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம குடியிருக்கிற மாவட்டத்துலயே போடலாம், கொடுத்த பணம் 5 லட்சம் வரைக்கும் கட்டணம் இல்ல.

விவரமாச் சொல்றேன்னேன், இப்ப அதுக்குப் பொறுமை இல்ல. கொடுக்கிறதுக்கு முன்னாடி வால்வ் எழுத்து, ஸ்பீக்கர் பின்பக்கம், டிரான்ஸ்பார்மர் எல்லாத்தையும் தேதியோட படம் எடுங்க. கழட்டின பழைய பார்ட்ஸ் அத்தனையும் திரும்ப வேணும்னு பில்லுல எழுதச் சொல்லுங்க, பில் தராதவன்கிட்ட கொடுக்காதீங்க. வால்வ் நல்லா இருக்கா, ஸ்பீக்கர் நல்லா இருக்கா, அப்ப அதைத் தொடவே விடாதீங்க. கெப்பாசிட்டர், எர்த் ஒயர், இவ்வளவுதான் முதல்ல வேணும்.

கடைசியா ஒண்ணு. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுல பழம்பொருள் கடை வச்சிருக்கவங்க, சென்னையில ஸ்பீக்கர் வாங்கி விக்கிறவங்க, கிட்டார் வாசிக்கிறவங்க எல்லாரும் பாருங்க. எங்க அப்பத்தா பாத்திரத்துக்குப் பேர் வெட்ட ஆள் வந்தப்ப இதையும் விடல. ரெண்டு ஸ்பீக்கரோட விளிம்புலயும், திருகு ஓட்டைக்குப் பக்கத்துல, பெயின்ட் பெயர்ந்து 'மெ.சி' ன்னு புள்ளி புள்ளியா வெட்டியிருக்கும். நீல மூடி செலஸ்டியன் ஜோடியா விலைக்கு வந்தா அந்த விளிம்பைத் திருப்பிப் பாருங்க. இருந்துச்சுன்னா விலை பேசாம ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்க.