உறைந்த வான்கோழியை இளக்க: குளிர்பதனப் பெட்டியா, குளிர்நீரா?

அமெரிக்காவில் தேங்க்ஸ்கிவிங் (நன்றி நவிலும் நாள்) விருந்துக்கு வாங்கும் வான்கோழி பெரும்பாலும் கல்லாக உறைந்தே வருவதால், அதை எம்முறையில் இளக்குவது என்ற குழப்பம் ஆண்டுதோறும் எழுகிறது.

நேரம்: ஏறக்குறைய 5.5 கிலோ எடையுள்ள பறவைக்குப் பெட்டியில் 3 நாள். குளிர்நீரில் 6 மணி நேரம்.

உழைப்பு: பெட்டியில், கசிவைத் தாங்கும் தட்டில் வைத்தால் போதும். நீரிலோ, நீர் புகாத பையில் கட்டி முழுவதும் மூழ்கவைத்து, 30 நிமிடத்துக்கு ஒருமுறை நீரை மாற்ற வேண்டும். அவசரத்தில் வெந்நீரை ஊற்றினால், உட்புறம் உறைந்திருக்கும்போதே மேற்புறத்தில் கிருமிகள் பெருகத் தொடங்கிவிடும்.

அவகாசம்: பெட்டியில் இளகியது மேலும் 1 அல்லது 2 நாள் தாங்கும், நீரில் இளகியதை உடனே சமைத்தாக வேண்டும்.

முன்கூட்டியே திட்டமிடுபவர்களுக்குப் பெட்டியே ஏற்றது. விருந்தன்று காலையில்தான் நினைவு வந்தவர்களுக்குக் குளிர்நீரே கைகொடுக்கும். எதுவாயினும், தொடையின் உட்பகுதியும் மார்பின் தடித்த பகுதியும் 74 டிகிரி செல்சியஸை எட்டியதை வெப்பமானியால் உறுதிசெய்த பிறகே அடுப்பிலிருந்து எடுக்க வேண்டும்.