காகிதமில்லாச் சமுதாயம்: ஒரு கலைக்களஞ்சியப் பதிவோடு ஆறு வருடம்

கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறேன். நூலக அறிவியல் படிக்கும் பிள்ளைகளுக்கு வருடா வருடம் ‘காகிதமில்லாச் சமுதாயம்’ என்றொரு கட்டுரைத் தலைப்பு உண்டு. எல்லாரும் முதலில் போய் நிற்பது, யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய ஓர் இணையக் கலைக்களஞ்சியத்தில் அதே தலைப்பில் உள்ள ஆங்கிலப் பதிவில். ஆறு வருடமாக நானும் அதைப் படித்துக்கொண்டிருக்கிறேன். களஞ்சியத்தின் பெயர் வேண்டாம். இங்கே நான் சொல்லும் குறையை இன்று ராத்திரியே யாராவது திருத்திவிடலாம்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். நடை சுலபம். இந்தச் சொல்லைப் பரப்பியவர் யார் என்பதைச் சுற்றி வளைக்காமல் சொல்கிறது: இல்லினாய் பல்கலைக்கழக நூலகவியல் பேராசிரியர் எஃப். டபிள்யூ. லங்காஸ்டர். 2000ஆம் ஆண்டு வாக்கில் அறிவியல் தகவல் பரிமாற்றம் அச்சை விட்டு மின்னணுவுக்குப் போய்விடும் என்று 1978இலேயே எழுதியவர். மாணவர் கட்டுரை நூறு வந்தால் நூறிலும் இந்த வரி இருக்கும்.

பிரச்சினையும் அங்கேதான். பதிவு அந்த வரியோடு நின்றுவிட்டது. அதே லங்காஸ்டர் 1999இல் ‘லைப்ரரி ஜர்னல்’ என்ற நூலகத்துறை இதழில் தன் கணிப்பைப் பற்றி மறுயோசனையாக ஒரு கட்டுரை எழுதினார். பழைய உற்சாகம் அதில் இல்லை. தொழில்நுட்பம் என்றாலே நூலகத்துறை கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டுகிறதே என்ற கவலைதான் தெரியும். அதன் ஜெராக்ஸ் எங்கள் அலமாரியில் மஞ்சளாகிக் கிடக்கிறது. கணித்தவரே பின்னால் தயங்கினார் என்பதை விட்டுவிட்டு அவரைத் தீர்க்கதரிசியாக நிறுத்துவது பாதி உண்மை.

அப்புறம் எண்கள். துபாய் அரசு 2021 டிசம்பரில், தான் முழுக்கக் காகிதமில்லா அரசாகிவிட்டதாகவும் 33.6 கோடித் தாள் மிச்சமானதாகவும் அறிவித்தது. பதிவில் ‘அறிவித்தது’ என்ற சொல் காணாமல் போய், ‘மிச்சமானது’ மட்டும் இருந்தது. சாதித்தவரே சொன்ன கணக்கு என்று வாசிப்பவருக்குத் தெரிய வேண்டாமா? ஒரு மாலை உட்கார்ந்து அடிக்குறிப்புகளை ஒவ்வொன்றாகச் சொடுக்கிப் பார்த்தேன். ஏழெட்டு இணைப்புகள் செத்துக் கிடந்தன. ‘நன்மைகள்’ பகுதிக்கு ஆதாரம், ஆவண மென்பொருள் விற்கிறவர்களின் விளம்பரப் பக்கங்கள்!

அரசுச் சேவைகளை இணையத்துக்குக் கொண்டுபோன எஸ்தோனியாவைப் பற்றிப் பதிவில் ஒரே ஒரு வாக்கியம். டென்மார்க்குக்கு அதுவும் இல்லை. 2014 நவம்பர் 1 முதல் அரசுக் கடிதங்கள் டிஜிட்டல் அஞ்சல்பெட்டிக்குத்தான் வரும் என்று சட்டம் போட்ட நாடு அது. முடியாதவர்கள் விலக்குக் கேட்டு வாங்கலாம். அந்த விலக்கில் இருப்பவர்கள் யார் என்று கேட்டால்தான் பேச்சு அலுவலகத்தைத் தாண்டிச் சமுதாயத்துக்கு வரும். காகிதமில்லா அலுவலகம், காகிதமில்லாச் சமுதாயம் இரண்டையும் இந்தப் பதிவு போட்டுக் குழப்புகிறது.

மூன்றாம் வருடம் யாரோ ஒரு புண்ணியவான் அலுவலகங்களில் காகிதம் ஏன் போகவில்லை என்று ஆராய்ந்த செல்லன், ஹார்ப்பர் இருவரின் 2001ஆம் ஆண்டு நூலைப் பற்றி ஒரு பத்தி சேர்த்தார். பதிவிலேயே உருப்படியான பத்தி அதுதான். விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அறையில் விமானத்துக்கு ஒரு காகிதச் சீட்டு. அதை நகர்த்தலாம், கிறுக்கலாம், கொஞ்சம் சாய்த்து வைத்துப் பக்கத்தில் இருப்பவரின் கவனத்தை இழுக்கலாம். திரை இருந்தும் சீட்டு ஏன் போகவில்லை என்பது அங்கே விளங்கிவிடுகிறது.

போன வருடம் ஒரு மாணவி இந்தப் பதிவைப் பதினொரு பக்கத்துக்குப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு வாங்கிப் பார்த்தால், அந்தப் பத்தியைக் காணோம்.

“எப்ப எடுத்தது இது?”

“சீனியர் அக்கா கொடுத்தது சார்.”

எடுத்த தேதி எங்கும் இல்லை. பிறகு பதிவில் யார் எப்போது என்ன மாற்றினார்கள் என்று காட்டும் தொகுப்பு வரலாற்றைத் திறந்து, எந்தப் பழைய வடிவம் என்று இருவரும் தேடிக் கண்டுபிடித்தோம். அன்றிலிருந்து குறிப்பிட்ட வடிவத்தின் நிரந்தர இணைப்பும் பார்த்த தேதியும் இல்லாத கட்டுரையை நான் வாங்குவதில்லை.

ஐந்துக்கு எத்தனை என்றால், மூன்று கொடுப்பேன். சரி, குறை சொன்னால் போதுமா என்று லங்காஸ்டரின் 1999 கட்டுரையை நானே சேர்த்தேன். இரண்டு முறை தூக்கிவிட்டார்கள், ஆதாரம் முழுமையாக இல்லையாம். அந்த மஞ்சள் ஜெராக்ஸைப் பார்த்து இதழ் எண், பக்க எண் எல்லாம் போட்டு மூன்றாம் முறை சேர்த்தேன். நேற்று வரை இருக்கிறது.